"டேட்டா வெளியே போச்சா, இல்லையா?".. பதில் ரவுட்டரிடம் இருக்கிறது! நெட்ஃப்ளோ என்றால் என்ன? ஏன் அவசியம்? முழு விளக்கம்

2022 நவம்பர் 23-ம் தேதி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் திடீரென முடங்கின. புறநோயாளிகள் பதிவு, உள்நோயாளிகள் சேர்க்கை, லேப் ரிசல்ட் என எல்லாமே பேப்பரும் பேனாவுமாக மாறிப்போனது. நாட்டின் முன்னணி மருத்துவமனை, சுமார் 2 வாரங்கள் கையால் எழுதித்தான் சமாளித்தது. காரணம், ரேன்சம்வேர் எனப்படும் சைபர் தாக்குதல்.

அப்போது நோயாளிகள் முதல் எம்.பி.க்கள் வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எங்க டேட்டா வெளியே போச்சா, இல்லையா?"

இந்தக் கேள்விக்கு உறுதியாக பதில் சொல்ல வேண்டுமென்றால், நெட்வொர்க்கில் எந்த கம்ப்யூட்டர் எதனுடன் எப்போது பேசியது, எவ்வளவு டேட்டா அனுப்பியது என்ற கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கும் வசதி, பெரும்பாலான அலுவலக ரவுட்டர்களிலும் ஃபயர்வால்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. யாராவது ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பல இடங்களில் அது ஆன் செய்யப்படாமலே கிடக்கிறது என்பதுதான் சிக்கல்.

அந்த வசதி என்ன? அதை எப்படி அமைப்பது? எங்கே கோட்டை விடுகிறார்கள்? பார்க்கலாம்.

*எய்ம்ஸில் என்ன நடந்தது?*

தாக்குதல் குறித்து நாடாளுமன்றத்தில் மத்திய அரசு பதில் அளித்தது. அதன்படி, எய்ம்ஸின் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் டேட்டா, திறக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிட்டல் டேட்டா மீட்கப்பட்டது.

அரசு சொன்ன காரணத்தைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். நெட்வொர்க்கை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே அத்துமீறலுக்கு வழி விட்டது என்றது அந்தப் பதில். ஒரு வீட்டில் எல்லா அறைகளுக்கும் ஒரே சாவி போட்ட மாதிரி. ஒரு அறைக்குள் திருடன் நுழைந்தால் போதும், மற்ற அறைகளும் திறந்துவிடும்.

டேட்டா என்கிரிப்ட் ஆவது வேறு, திருடு போவது வேறு. முதலாவது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் ஃபைல் திறக்காது. இரண்டாவது சத்தமே இல்லாமல் நடக்கும். ஒரிஜினல் அப்படியே இருக்கும், காப்பி மட்டும் வெளியே போயிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1.3 டெராபைட் அளவுள்ள டேட்டாவை 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் லைன் வழியாக வெளியே எடுக்க, லைனை முழுசாகப் பயன்படுத்தினாலும் சுமார் 29 மணி நேரம் ஆகும். அவ்வளவு பெரிய டிராஃபிக் ஒரு நாளுக்கு மேல் ஓடியிருந்தால், கணக்கு எழுதும் ரவுட்டரில் அது பளிச்சென்று தெரிந்துவிடும். கணக்கு எழுதாத ரவுட்டரில் எதுவுமே தெரியாது.

*6 மணி நேரம், 180 நாள்: விதி என்ன சொல்கிறது?*

எய்ம்ஸ் சம்பவத்துக்கு சில மாதங்கள் முன்பே, 2022 ஏப்ரல் 28-ல், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் வந்த அந்த உத்தரவு, தனியார் நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அலுவலகங்கள் என எல்லோருக்கும் பொருந்தும்.

முக்கியமான 3 விஷயங்கள்:

• சைபர் தாக்குதல் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

• எல்லா ஐடி சிஸ்டம்களிலும் லாக் எனப்படும் பதிவுகளை ஆன் செய்து, 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

• எல்லா கருவிகளின் கடிகாரமும், தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்த உத்தரவில் நெட்ஃப்ளோ என்ற பெயர் இல்லை. ஆனால், 6 மணி நேரத்துக்குள் "என்ன நடந்தது" என்று சொல்ல வேண்டிய ஒரு அட்மினின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சர்வராகத் திறந்து லாக் தேடிக்கொண்டிருக்க முடியாது. தாக்கியவன் சர்வருக்குள் இருந்தால், அந்த லாக்கையே அழித்திருக்கவும் கூடும். ரவுட்டர் உடனுக்குடன் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்ட கணக்கை அவனால் அவ்வளவு எளிதில் அழிக்க முடியாது.

*சரி, அது என்ன நெட்ஃப்ளோ?*

கொலை வழக்கு, கடத்தல் வழக்கு செய்திகளில் "செல்போன் அழைப்பு விவரங்களை போலீசார் ஆய்வு செய்தனர்" என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். சிடிஆர் என்பார்கள். அதில் பேசியது என்ன என்பது இருக்காது. எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்பது மட்டும் இருக்கும். பல வழக்குகளில் அதுவே போதுமான துப்பாகிவிடுகிறது.

நெட்ஃப்ளோ என்பது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் சிடிஆர். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுடன் பேசும் ஒவ்வொரு உரையாடலையும் ஒரு 'ஃப்ளோ' என்று எடுத்துக்கொண்டு, ரவுட்டர் ஒரு வரி எழுதும். அனுப்பிய ஐபி முகவரி, பெற்ற ஐபி முகவரி, இரண்டு பக்க போர்ட் எண்கள், எந்த புரோட்டோகால், எந்த வாசல் வழியாக வந்தது, சேவை வகை என 7 அடையாளங்களை வைத்து உரையாடல்களைப் பிரிக்கும். அதோடு எத்தனை பாக்கெட், எத்தனை பைட், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளும்.

இன்று பெரும்பாலான இணையதளங்கள் ஹெச்டிடிபிஎஸ் முறையில் பூட்டப்பட்டவை. நெட்ஃப்ளோவுக்கு அது ஒரு தடையே இல்லை. கவரைப் பிரிக்காமல் மேலே எழுதிய முகவரியை மட்டும் படிக்கும் தபால்காரர் மாதிரிதான் அது வேலை செய்கிறது.

*எஸ்ஃப்ளோ, ஐபிஃபிக்ஸ், எஸ்என்எம்பி.. எது எதற்கு?*

நெட்ஃப்ளோவை 1990-களின் நடுவில் உருவாக்கியது சிஸ்கோ நிறுவனம். அதன் 5-வது பதிப்பு இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் அதற்கு ஐபிவி4 முகவரிகள் மட்டும்தான் தெரியும். ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கும் இந்தியாவில் இது சின்னக் குறை கிடையாது. ஐபிவி6-ல் ஓடும் டிராஃபிக் அந்தக் கணக்கில் வராமலே போய்விடும். 9-வது பதிப்பில் இது சரி செய்யப்பட்டது. அதன் அடிப்படையில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வந்த தரம்தான் ஐபிஃபிக்ஸ்.

ஜூனிப்பரில் ஜே-ஃப்ளோ, ஹூவாவேயில் நெட்ஸ்ட்ரீம், மைக்ரோடிக்கில் டிராஃபிக் ஃப்ளோ என்று பெயர்கள் மாறும். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எஸ்ஃப்ளோ கொஞ்சம் வேறு மாதிரி. அது எல்லா உரையாடலையும் எழுதாது. ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்று என்ற மாதிரி சாம்பிள் எடுத்து அனுப்பும். வேகமான ஸ்விட்ச்களுக்கு இதனால் சுமை குறைவு. எங்கே டிராஃபிக் அதிகம் என்று பார்க்க இது போதும். ஆனால் சத்தமில்லாமல் நடக்கும் ஒரு சின்ன திருட்டு, சாம்பிளில் சிக்காமல் நழுவிவிடலாம்.

எஸ்என்எம்பி என்பது இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1988-லேயே வந்துவிட்டது. அதை வீட்டு ஈபி மீட்டருடன் ஒப்பிடலாம். இந்த மாசம் எத்தனை யூனிட் ஓடியது என்று மீட்டர் சொல்லும். ஏசி எவ்வளவு இழுத்தது, ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுத்தது என்று சொல்லாது. லைன் நிரம்பிவிட்டதா, கருவி உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய எஸ்என்எம்பி. லைனை நிரப்பியது யார் என்று அறிய நெட்ஃப்ளோ. இரண்டும் வேண்டும்.

*ரவுட்டரில் என்ன செய்ய வேண்டும்?*

கருவிக்குக் கருவி கட்டளைகள் மாறும். ஆனால் சொல்ல வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

1. முதலில் கடிகாரம்: ரவுட்டர், ஃபயர்வால், சர்வர் மூன்றும் ஒரே நேரம் காட்ட வேண்டும். ஒன்று 10 நிமிஷம் முந்தியும் மற்றொன்று பிந்தியும் இருந்தால், எது முதலில் நடந்தது என்றே நிரூபிக்க முடியாது. செர்ட்-இன் உத்தரவு நேரத்தை வலியுறுத்துவதன் காரணமும் இதுதான்.

2. எங்கே அனுப்புவது: கணக்குகளை வாங்கி சேமிக்கும் மென்பொருளுக்கு 'கலெக்டர்' என்று பெயர். மாவட்ட கலெக்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஓடும் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் ரவுட்டரில் கொடுக்க வேண்டும். நெட்ஃப்ளோவுக்கு வழக்கமாக 2055, எஸ்ஃப்ளோவுக்கு 6343, ஐபிஃபிக்ஸுக்கு 4739.

3. எந்த முகவரியில் இருந்து அனுப்புவது: ஒரு ரவுட்டருக்குப் பல ஐபி முகவரிகள் இருக்கும். மாறாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ரவுட்டர், மென்பொருளில் இரண்டு மூன்று ரவுட்டர்களாகத் தெரியும்.

4. எந்த வாசலில் கவனிப்பது: எல்லோரும் இன்டர்நெட் லைன் வரும் வாசலில் மட்டும் ஆன் செய்வார்கள். அது போதாது. சர்வர்கள் இருக்கும் பகுதிக்கும் ஊழியர்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவில் உள்ள வாசலிலும் ஆன் செய்ய வேண்டும்.

5. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை: நீண்ட உரையாடல் முடியும் வரை காத்திருந்தால் தகவல் தாமதமாகும். பல சிஸ்கோ கருவிகளில் இது இயல்பாக 30 நிமிடம். இதை 1 நிமிடமாகக் குறைத்தால்தான் நடப்பது உடனுக்குடன் தெரியும்.

6. கடைசியாக டெஸ்ட்: ஒரு கம்ப்யூட்டரில் பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோட் செய்து, அதே கம்ப்யூட்டர், அதே அளவு, அதே நேரம் மென்பொருளில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த டெஸ்ட்டை செய்யாமல் "செட் பண்ணியாச்சு" என்று சொல்லக் கூடாது.

*எங்கே கோட்டை விடுகிறார்கள்?*

நெட்ஃப்ளோ பெரும்பாலும் யுடிபி முறையில்தான் போகிறது. இது சாதாரண தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு ஃபயர்வால் 2055 போர்ட்டை மூடியிருந்தால், ரவுட்டர் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கலெக்டருக்கு ஒன்றுமே வராது. எந்த எரர் மெசேஜும் தோன்றாது. தாக்குதல் நடந்த அன்றுதான் டிஸ்க் காலி என்று தெரியும்.

இன்னொன்று, டபுள் கணக்கு. ஒரே டிராஃபிக்கை உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் எண்ணினால் 100 ஜிபி, 200 ஜிபியாகத் தெரியும். அதனால் எல்லா வாசலிலும் உள்ளே வருவதை மட்டும் எண்ணுவது பாதுகாப்பான வழி.

மூன்றாவதுதான் எய்ம்ஸ் பாடத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. நெட்வொர்க்கைப் பிரிக்காமல் எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒரே பகுதியில் வைத்திருந்தால், அவை தங்களுக்குள் பேசுவது ரவுட்டர் வரைக்கும் வராது. ஸ்விட்ச் அளவிலேயே முடிந்துவிடும். வாசலில் எவ்வளவு நல்ல காவலாளி இருந்தாலும், வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிறவர் கண்ணில் படமாட்டார். ஆக, நெட்வொர்க்கைப் பிரிப்பது தாக்குதல் பரவுவதைத் தடுப்பதற்கு மட்டும் உதவவில்லை. பரவுவதைப் பார்க்கவும் அதுதான் வழி. பிரிக்க முடியாத இடங்களில் ஸ்விட்ச்சிலேயே எஸ்ஃப்ளோ ஆன் செய்யலாம்.

கிளவுட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். உதாரணமாக, அமேசான் கிளவுட்டில் ஃப்ளோ லாக் வசதி உண்டு. ஆனால் அது தானாக ஆன் ஆகாது. நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

*திருட்டை எப்படி காட்டிக் கொடுக்கும்?*

2017 மே 12-ல் உலகை உலுக்கியது வானாக்ரை ரேன்சம்வேர். பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகின. அது பரவியது 445 என்ற போர்ட் வழியாக. விண்டோஸில் ஃபைல் ஷேரிங் நடக்கும் வழி அது.

சாதாரணமாக ஒரு ஊழியரின் கம்ப்யூட்டர், 445 போர்ட்டில் ஒன்றிரண்டு ஃபைல் சர்வர்களுடன் பேசும். அதே கம்ப்யூட்டர் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான முகவரிகளை அதே போர்ட்டில் தட்டிப் பார்த்தால்? வைரஸின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஏதோ விபரீதம் என்று புரிந்துவிடும். அந்த ஒரு கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கினால் மற்றவை தப்பிக்கலாம்.

இதேபோல் ராத்திரி 2 மணிக்கு டேட்டாபேஸ் சர்வர் வெளிநாட்டு முகவரிக்கு ஜிபி கணக்கில் அனுப்புவது, ஒரு கம்ப்யூட்டர் சரியாக 60 விநாடிக்கு ஒருமுறை ஒரே அறிமுகமில்லாத முகவரியைத் தொடர்புகொள்வது, பிரின்டர் இன்டர்நெட்டுக்குப் போவது.. இவையெல்லாம் ஃப்ளோ கணக்கில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் வழக்கம் எப்படி என்று தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும். தாக்குதல் நடந்த பிறகு ஆன் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

*காவல்காரனையும் காவல் காக்க வேண்டும்*

கண்காணிப்பு மென்பொருளுக்கு நெட்வொர்க்கின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். தாக்குபவர்களுக்கும் அது தெரியும்.

2020 டிசம்பரில் அம்பலமான சோலார்விண்ட்ஸ் விவகாரம் இதற்கு சாட்சி. அந்த அமெரிக்க நிறுவனத்தின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளின் அப்டேட்டிலேயே வைரஸை நுழைத்துவிட்டார்கள். சுமார் 18 ஆயிரம் வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டைப் பெற்றிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. ஓரியனை உடனே துண்டிக்கும்படி அமெரிக்க அரசுத் துறைகளுக்கு அவசர உத்தரவு பறந்தது.

எஸ்என்எம்பியிலும் ஆபத்து உண்டு. அதன் பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டு மாதிரி ஒரு சொல் கேட்கும். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே காலங்காலமாக இருக்கிறது. ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த ஹேக்கர்கள், எஸ்என்எம்பி வழியாக சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் நுழைந்ததாக 2023 ஏப்ரலில் அமெரிக்காவும் பிரிட்டனும் கூட்டாக எச்சரித்தன.

தீர்வு ரொம்ப சிம்பிள். எஸ்என்எம்பியின் 3-வது பதிப்பைப் பயன்படுத்த வேண்டும். கலெக்டர் கம்ப்யூட்டரை தனிப் பகுதியில் வைத்து, அதற்கு இன்டர்நெட் தொடர்பைக் கட்டுப்படுத்த வேண்டும். ரவுட்டர்கள் தவிர வேறு யாரும் அதற்குக் கணக்கு அனுப்ப முடியாதபடி பூட்ட வேண்டும்.

*ஊழியர்களை வேவு பார்ப்பதா?*

நியாயமான கேள்வி. ஃப்ளோவில் மெசேஜ் இருக்காது, பாஸ்வேர்டு இருக்காது. ஆனால் யார் எந்த நேரத்தில் எந்தத் தளத்துடன் தொடர்பில் இருந்தார் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். 180 நாள் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், ஒருவரின் அன்றாடமே அதில் தெரிந்துவிடும். சிடிஆர் தவறான கைகளுக்குப் போனால் என்ன ஆகுமோ, அதே ஆபத்து இங்கும் உண்டு.

2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. எனவே டேட்டாவைக் காக்க எழுதும் கணக்கும் ஒரு வகையில் காக்கப்பட வேண்டிய டேட்டாதான். யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை எழுத்தில் வைத்து, ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

*செலவு எவ்வளவு ஆகும்?*

பலரும் தயங்குவது இங்கேதான். ஆனால் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது. நெட்ஃப்ளோ 5-வது பதிப்பில் ஒரு உரையாடலுக்கு 48 பைட். விநாடிக்கு 1,000 உரையாடல் ஓடும் ஓரளவு பெரிய அலுவலகம் என்றாலும், ஒரு நாளுக்கு சுமார் 4 ஜிபி. 180 நாளுக்கு சுமார் 750 ஜிபி. ஒரு 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். புதிய பதிப்புகளில் கொஞ்சம் கூடலாம், சுருக்கி சேமித்தால் குறையும்.

மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. என்எஃப்டம்ப் போன்றவை உலகம் முழுக்கப் பயன்பாட்டில் உள்ளன. காசு கொடுத்து வாங்குவதிலும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு, நெட்ஃப்ளோ அனலைசர் என்ற மென்பொருளை விற்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் அந்த நிறுவனம் தொடங்கியதே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளோடுதான்.

உண்மையில் தேவைப்படுவது ஆள். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தத் திரையைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும். கணக்கு வருகிறதா, எல்லா ரவுட்டரும் அனுப்புகிறதா, புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும்.

உங்கள் அலுவலகம், உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரி, நீங்கள் போகும் மருத்துவமனை என எல்லா இடத்திலும் உங்கள் ஆதார் எண், ஃபோன் நம்பர், லேப் ரிப்போர்ட் ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது. அங்கே நாளைக்கே ஒரு தாக்குதல் நடந்தால், "டேட்டா வெளியே போச்சா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "போகவில்லை" என்று சொல்ல ஆதாரம் வேண்டும். "தெரியவில்லை" என்று சொன்னால், போனதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த ஆதாரத்தை இன்றைக்கு எழுத ஆரம்பித்தால்தான், கேட்கும் அன்று கையில் இருக்கும்.